ஈரமென்றால் துணி, காய்ந்தால் பதாகை

1

இன்று காலையும் என் படுக்கை விரிப்பு ஈரம் என்று தீர்ப்பாகிவிட்டது.

கீழே முற்றத்திலிருந்து ஹேர் புறூனர் "நாஸ்!" என்று குரல் கொடுத்தார். நாஸ் என்றால் ஈரம். ஜெர்மன் மொழியில் எனக்கு வேறு எது தெரியாவிட்டாலும் அந்தச் சொல் நன்றாகத் தெரியும். ஹேர் என்பது இங்கத்தைய 'ஐயா'. புறூனர் எங்கள் தொடர்மாடியைப் பராமரிக்கிறவர். படிக்கட்டு மின்குமிழிலிருந்து குப்பைப் பையின் முடிச்சு வரைக்கும் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஒவ்வொரு காலையும் என் விரிப்பின் மூலையை இரண்டு விரலால் நுள்ளிப் பார்ப்பார். ஈரமென்றால் அன்றைக்கு நான் நேர்மையான குடிமகள். காய்ந்துவிட்டால் சட்டத்தை மீறியவள்.

இந்தத் தீர்ப்பில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சில நாளாகக் காய்ச்சல், நான் மூன்றாம் மாடியை விட்டு இறங்கவில்லை. அந்த விரிப்பை நனைக்கிறவள் நான் ஒருத்திதான். மழையும் பெய்யவில்லை. பிறகு எப்படி ஈரம் வந்தது?

நம்முடைய ஊர் மாதர் சங்கத்து மலருக்கு "சுவிஸ் வாழ்க்கையைப் பற்றி எழுதி அனுப்புங்கோ" என்று கேட்டிருந்தீர்கள். மலைகளையும் பாற்கட்டியையும் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி எழுத நேரமெடுக்கும். எடுக்கட்டும். இந்த வயதில் எனக்கு என்ன அவசரம்? ஊசி பிடிக்கிறவளுக்குப் பேனா ஒரு பாரமில்லை. ஆகையால் என் விரிப்பைப் பற்றியே எழுதுகிறேன்.

2

பேருந்து நிறுத்தத்திலிருந்து எங்கள் கட்டிடத்துக்கு ஒரு ஏற்றம் ஏற வேண்டும். கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற அளவுக்கு இல்லை, ஆனாலும் முழங்கால் நோவுள்ளவர்களுக்குப் பெரிய ஏற்றம். நடுவில் இளைப்பாற ஒரு வாங்கு இருந்தது. மரப்பலகை, இரும்புச் சாய்மானம், நிலத்தில் நாலு சீமெந்துக் கட்டை. லூர்தம்மாவும் நானும் பின்னேரங்களில் அதில்தான் இருப்போம்.

லூர்தம்மா போர்த்துக்கல்காரி. பக்கத்து வாசலில், நிலமட்ட வீட்டில் தனியாக இருக்கிறாள். வாழ்நாள் முழுக்க இந்த நாட்டின் அலுவலகங்களைத் துடைத்துத் துடைத்து முழங்கால் இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் போர்த்துக்கீசு தெரியாது. முதல் நாள் நான் வாங்கைத் தட்டி "வாங்கில இருங்கோ" என்றேன். அவள் கண்ணை அகல விரித்து அதே சொல்லைத் தன் நாக்கில் சுழற்றித் திருப்பிச் சொன்னாள். அடுத்து அவள் தன் வீட்டு யன்னலைக் காட்டி "ஜனேலா" என்று சொன்னது எனக்கு விளங்கியது. பிறகு கதிரை, மேசை, அலுமாரி, குசினி, துவாய், சப்பாத்து என்று இரண்டு பேரும் கைதட்டிக் கைதட்டிச் சொல்லி முடித்தோம். என் கைத்துணியின் கரையில் இருந்த றேந்தைப் பின்னலைத் தொட்டு அவள் அதற்கும் பெயர் சொன்னாள். எப்போதோ எங்கள் கோட்டையைப் பிடித்த பறங்கியர், அவளுடைய முன்னோர், எங்கள் தமிழில் விட்டுப்போன போர்த்துக்கீசுச் சொற்கள்தான். இரண்டு கிழவிகள் சிநேகிதமாவதற்கு அவை போதும். எங்கள் பேச்சு முழுக்கத் தளபாடம். ஆனால் மனம் நிறையப் பேசினோம்.

போன கோடை முடிவில் ஒரு காலை, வாங்கைக் காணவில்லை. சீமெந்துக் கட்டைகள் நாலும் பல்லுப்போல நின்றன. பக்கத்தில் ஒரு பூத்தொட்டி வைத்திருந்தார்கள். யாரோ சத்தம் அதிகம் என்று முறையிட்டார்களாம். "தங்கி இளைப்பாறும் தரத்தை உயர்த்தும் பொருட்டு" வாங்கு அகற்றப்பட்டதாகக் கட்டிட நிர்வாகம் வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. என் மகன் கஜன் அதை எனக்கு வாசித்துக் காட்டினான்.

"இளைப்பாற இருந்த வாங்கை எடுத்துப்போட்டு இளைப்பாறுற தரத்தை எப்பிடியடா உயர்த்துறது?" என்று கேட்டேன்.

"அம்மா, அது அப்பிடித்தான் எழுதுவினம்," என்றான்.

எனக்குக் கோபம் வந்தது வாங்குக்காக மட்டும் இல்லை. லூர்தம்மா அன்றோடு வெளியே வருவதை நிறுத்திவிட்டாள். நடுவில் இருந்து மூச்சு வாங்காமல் அவளால் அந்த ஏற்றத்தை ஏற ஏலாது. தேவாலயம் இல்லை, கடை இல்லை. தூர ஊரில் இருக்கிற அவளுடைய மகன் வந்து பார்த்துவிட்டு, தன் ஊரில் ஒரு முதியோர் விடுதிக்குப் பதிந்துவிட்டான். இளவேனிலில் ஒரு தாதி வருவாளாம். லூர்தம்மா தனியாகப் பேருந்து நிறுத்தம் வரை போய்த் திரும்ப முடிந்தால் இங்கேயே இருக்கலாம். முடியாவிட்டால் விடுதி.

லூர்தம்மா இதை எனக்கு எப்படிச் சொன்னாள் என்றால், தன் அலுமாரியைக் காட்டினாள், கட்டிலைக் காட்டினாள், பிறகு கையை யன்னலுக்கு வெளியே தூரமாக வீசினாள். அவ்வளவுதான். எனக்கு விளங்கிவிட்டது.

3

நான் என்ன செய்தேன் என்று சொல்லுமுன் குழாய்க் கதையைச் சொல்ல வேண்டும். உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். இளம் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

திருகோணமலையில், பாலையூற்றில் எங்கள் ஒழுங்கைத் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் தருவதாகச் சொல்லிச் சொல்லி ஏமாற்றிக்கொண்டிருந்த காலம். கடதாசியில் எழுதி ஒட்டினோம். நம்முடைய ஊரில் ஒட்டின கடதாசிக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? துறைமுகத்துக்கு அக்கரையில், சீனன்குடாவில் மா ஆலை. கோதுமை மாவுக்குப் பஞ்சமில்லாத ஊர், பசையைத் தடிப்பாகக் காய்ச்சுவோம். விடியுமுன் கோட்டைப் பக்கத்து மான்கள் வந்து பசையோடு சேர்த்துக் கோரிக்கையையும் தின்றுவிட்டுப் போய்விடும். தேர்தலில் நின்றவர்களுடைய முகங்களையே நக்கித் தின்ற மான்கள், எங்கள் குழாயை விடுமா?

அப்போது சங்கத்தில் நாங்கள் தலையணை உறையில் ரோசாப்பூவும் கிளியும் தைத்து விற்றுக்கொண்டிருந்தோம். கிளிக்குக் கீழே "குட் நைட்" என்று ஆங்கிலத்தில் தைப்போம், அதில் எந்த எழுத்து எது என்று ஒருத்திக்கும் தெரியாது. தலைவி ராசாத்தியக்கா சொன்னா, "தெரியாத எழுத்தையே இவ்வளவு வடிவாத் தைக்கிறம். தெரிஞ்ச குறையைத் தைச்சா என்ன?"

மேசை விரிப்பு ஒன்றில் ஒரு குழாய் தைத்தோம். குழாயின் வாயில் காகம் கூடு கட்டி முட்டை இட்டிருக்கிறது. பக்கத்தில் குடை பிடித்தபடி ஒரு பெரிய வயிறு, தண்ணீர் அலுவலகத்து அதிகாரியுடையது. பதாகை போல விறைப்பாக நிற்கட்டும் என்று நல்ல சோற்றுக் கஞ்சி போட்டு, தண்ணீர்க் கந்தோர் வேலியில் கட்டினோம்.

கஞ்சி போட்ட துணியையும் மான் தின்னும் என்று எங்களில் ஒருத்திக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. காலையில் வயிற்றில் பாதிதான் மிச்சம்.

இரண்டாவது விரிப்பைக் கஞ்சி போடாமல் கட்டினோம். அது காற்றில் சுருண்டு முறுகித் தொங்கியது, ஒன்றும் தெரியவில்லை. ராசாத்தியக்கா ஒரு வாளி தண்ணீர் எடுத்து அதன் மேலே ஊற்றினா. ஈரத்தின் பாரத்தில் துணி நேராக இழுபட்டு நின்றது. காகம், முட்டை, வயிறு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

காவல்துறைக்காரர் ஒருவர் வந்தார்.

"பதாகை கட்ட அனுமதி எடுத்தனீங்களா?"

"இது பதாகை இல்லை ஐயா," என்றா ராசாத்தியக்கா. "தோய்ச்சுக் காயப்போட்ட மேசை விரிப்பு."

அவர் தொட்டுப் பார்த்தார். சொட்டச் சொட்ட ஈரம். "கந்தோர் வேலியிலயா காயப்போடுறது?"

"எங்கட ஒழுங்கையில தண்ணி இல்லை ஐயா. தண்ணி இருக்கிற இடத்திலதானே தோய்க்கலாம்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சரி, காய்ஞ்சவுடன எடுங்கோ."

"ஓம் ஐயா. காய்ஞ்சவுடன."

திருகோணமலை வெயிலில் மேசை விரிப்பு காய எவ்வளவு நேரம் ஆகும்! அதனால் முறை வைத்து நனைத்தோம். தண்ணீர் இல்லை என்று சொல்கிற துணியை நனைக்கிற தண்ணீரைக் கந்தோர் வளவுக் குழாயிலேயே பிடித்தோம். காவலாளி வாளியைத் தூக்கியும் தந்தான். கடைசியில் குழாய் வந்தது. தண்ணீர் அதற்குப் பிறகு வந்தது, அது வேறு கதை.

4

இனி இந்த ஊருக்கு வருகிறேன். இங்கே வீட்டு ஒழுங்கு விதி என்று ஒரு புத்தகம் இருக்கிறது. பல்கனியில் கொடி, பதாகை, விளம்பரம் கட்டக் கூடாது. தோய்த்த துணி காயப்போடலாம், காயும் வரைக்கும். கஜன் இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கஜன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, வேண்டாம்," என்றான். நான் இன்னும் ஒன்றும் சொல்லவே இல்லை.

ஊரிலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்தேன். எழுத்து ஒன்றும் வைக்கவில்லை. தமிழில் எழுதினால் அவர்களுக்கு விளங்காது, ஜெர்மனில் எழுதினால் எனக்கு விளங்காது. ஏற்றத்தைக் காம்புத் தையலில் தைத்தேன். அதில் லூர்தம்மா ஏறுகிறாள், தான் இருப்பதற்கு ஒரு கதிரையைத் தலையில் சுமந்துகொண்டு. வாங்கு இருந்த இடத்தில் ஒரு பூத்தொட்டி கால் மேல் கால் போட்டு இளைப்பாறுகிறது. தொட்டிக்கு மீசை வைத்தேன்.

விரிப்பை நனைத்துப் பிழிந்து பல்கனிக் கம்பியில் போட்டேன். பேருந்தில் வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்த நாளே புறூனர் கதவைத் தட்டினார். கஜன் மொழிபெயர்த்தான், முகம் செத்துப்போய்.

"இது பதாகை எண்டு சொல்லுறார் அம்மா."

"தொட்டுப் பாக்கச் சொல்லு."

புறூனர் தொட்டுப் பார்த்தார். விரலைத் தன் காற்சட்டையில் துடைத்தார். விதிப் புத்தகத்தை எடுத்து நின்றபடியே வாசித்தார். பிறகு, "ஈரம்," என்று ஒப்புக்கொண்டு போய்விட்டார். காய்ந்த பிறகு வருவாராம்.

வந்தார். ஈரமாக இருந்தது. மறுநாளும் வந்தார். நான் ஒவ்வொரு முறையும் விரிப்பின் கரையில் ஒரு விரல் தைத்தேன், சங்கிலித் தையலில். நுள்ளிப் பார்க்கிற விரல். கொஞ்ச நாளில் ஒரு பக்கக் கரை முழுக்க விரல். ஒரு திங்கட்கிழமை அவர் கரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டுக் கஜனிடம் என்னவோ கோபமாகச் சொன்னார்.

"என்னவாமடா?"

"ஒரு விரல் கூடவாம். நேற்று ஞாயிற்றுக்கிழமை, தான் வரவே இல்லையாம்."

நானே மறந்துபோய்த் தைத்துவிட்டேன். பிழை என் பக்கம். அவர் முன்னாலேயே அந்த விரலைப் பிரித்தேன். அவர் கடைசி நூல் வரும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, தலையை ஆட்டிப் போனார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் ஒரு மரியாதை வந்தது. ஊரில் அந்தப் பெரிய வயிற்றுக்காரர் குழாயை இவ்வளவு கவனமாகப் பார்த்திருந்தால் காகம் கூடு கட்டியிருக்குமா?

5

கஜனுக்கு இந்த நேரம் பார்த்துக் குடியுரிமை நேர்முகம் வர இருந்தது. ஊராட்சியில் ஒரு குழு இருந்து கேள்வி கேட்கும். இந்தச் சமூகத்தோடு கலந்து வாழ்கிறாயா, அயலவரோடு எப்படி, என்றெல்லாம் கேட்பார்களாம். அவன் சாப்பாட்டு மேசையில் ஆறுகளின் பெயர்களைப் பாடமாக்கிக்கொண்டிருந்தான். என்னோடு தமிழில் பேசும்போதும் பாதி ஜெர்மன் வந்து விழும். கோபம் வந்தால் முழுக்க ஜெர்மன். என் பிள்ளை என்னோடு கோபிப்பதை நான் ஒரு சொல்லும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். அது ஒரு தனி வேதனை. தமிழில் ஏசினால் திருப்பி ஏசலாம்.

"அம்மா, நேர்முகம் முடியும் வரைக்காவது அதைக் கழட்டுங்கோ."

"எதை?"

"அந்தத் துணியை."

"ஈரமாக் கிடக்கு. காய்ஞ்சாப் பிறகு பாப்பம்."

"அது காயாது எண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் கேக்கிறாய்?"

அவன் புத்தகத்தை மூடினான். "லூர்தம்மா உங்களுக்கு ஆர் அம்மா? சொந்தமா?"

"எனக்கு இந்த ஊரில கதைக்க இருக்கிற ஆள்."

"நான் இருக்கிறனே."

"நீ எப்ப இருக்கிறாய்?"

அவன் புத்தகத்தை மறுபடி திறந்தான். அன்று பின்னேரம் நான் வாளியைத் தூக்கியபோது அவன் வாங்கிக்கொண்டு போய்ப் பல்கனியில் வைத்தான். நனைக்கவில்லை. வைத்துவிட்டு வந்துவிட்டான்.

பிறகு நிர்வாகத்திலிருந்து ஒரு இளம் பெண் வந்தாள், நல்ல சப்பாத்துப் போட்ட பிள்ளை. புறூனரும் கூட வந்தார். சுவரில் பூஞ்சணம் பிடித்தால் ஈரம் அளக்கிற கருவி ஒன்றை அவர் கொண்டுவந்திருந்தார். இரண்டு ஊசி நீட்டிக்கொண்டு நிற்கும். அதை என் விரிப்பில் குத்தி அளந்தார். பூத்தொட்டி ஈரம். ஏற்றம் ஈரம். லூர்தம்மா மிகவும் ஈரம்.

அந்தப் பெண் கேட்டாள், கஜன் சொன்னான்.

"இது என்ன எண்டு கேக்கிறா."

"படுக்கை விரிப்பு."

"இதில ஏன் ஹேர் புறூனர் இருக்கிறார் எண்டு."

"அது பூத்தொட்டி."

"பூத்தொட்டிக்கு ஏன் மீசை எண்டு கேக்கிறா."

நான் பதில் சொல்லுமுன் புறூனர் குனிந்து அந்த மீசையைக் கிட்டத்தில் பார்த்தார். நிமிர்ந்து ஏதோ சொன்னார். அந்தப் பெண்ணின் வாய் திறந்தபடி நின்றது. கஜன் என்னைப் பார்த்து, "மீசை பிழையாம் அம்மா. தன்ர மீசை இடப்பக்கம் கொஞ்சம் மேல போகுமாம்," என்றான்.

அன்றிரவே திருத்தினேன். பிழையைச் சொன்னால் திருத்துகிறவள் நான்.

6

பனிக்காலம் வந்தது. ஒரு காலை எழும்பிப் பார்த்தால் விரிப்பு உறைந்து கதவுப் பலகை போல நிற்கிறது. ராசாத்தியக்கா உயிரோடு இருந்து பார்த்திருந்தால் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பா! எந்தக் கஞ்சியும் அப்படி விறைப்புத் தராது. காற்றடித்தால் "டொங்" என்று சத்தம் வந்தது. மான் வந்தாலும் பல்லு உடையும்.

புறூனர் நுள்ளினார். விரல் வழுக்கியது. மறுபடி நுள்ளினார். கையுறையைக் கழற்றி உள்ளங்கையை வைத்தார். ஈரமில்லை. காயவும் இல்லை. விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பனிக்கட்டி ஈரமா என்று அதில் இல்லை. நிர்வாகத்துக்குத் தொலைபேசியில் கேட்டார். அவர்கள் யாரையோ கேட்டார்கள். எங்கள் குசினியில் அவர் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், பதிலுக்காக இருந்தார்.

முடிவாக வந்தது இது. உறைந்த துணி துணிதான், பதாகை ஆகாது. ஆனால் நடைபாதைக்கு மேலே உறைந்த பொருள் எதுவும் தொங்கக் கூடாது, விழுந்தால் தலை உடையும். கீழே இறக்கிக் கரையவிட வேண்டும்.

எங்கே கரையவிடுவது? நிலவறையில் சலவை அறை இருக்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள். அன்றைக்கு வேறொரு வீட்டின் நாள். எங்கள் முறை வர இன்னும் நாள் இருந்தது. இந்த நாட்டில் ஒருவருடைய சலவை நாளில் இன்னொருவர் ஒரு கைத்துணி அலசினாலும் பரம்பரைப் பகை. முற்றத்தில் காயவைக்கலாம், ஆனால் கட்டிடத்துக்குச் சொந்தமான துணித் தாங்கியில்தான் வைக்கலாம் என்று விதி. புறூனர் தாங்கியைக் கொண்டுவந்தார். தொட்டில் அளவு. என் விரிப்போ ஆள் நீளத்துக்கு மேலே. மடிக்கவும் ஏலாது, மடித்தால் முறியும்.

புறூனர் நிலவறைக்குள் போனார். பிறகு ஏதோ இழுபடுகிற சத்தம். "கஜன்!" என்று கூப்பிட்டார். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

வாங்கு.

கட்டிடத்துக்குச் சொந்தம், விரிப்பைத் தாங்கும் நீளம். அதை வைக்கச் சமதரை வேண்டும். எங்கள் முற்றமே அந்த ஏற்றம்தான், அதில் சமதரை என்றால் அந்த நாலு சீமெந்துக் கட்டைதான். வாங்கு கட்டைகளில் போய் உட்கார்ந்தது, விட்டுவிட்டு வந்த வீட்டுக்குள் போவது போல. புறூனர் என் விரிப்பைச் சாய்மானத்தில் சாத்தினார். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து எழுதினார். கஜன் எனக்கு மெதுவாகச் சொன்னான்:

"'தற்காலிகத் துணித் தாங்கி' எண்டு எழுதுறார். துணி காயும் வரைக்கும் இருக்கலாமாம்."

"காயும் வரைக்குமா?"

"ஓம் அம்மா. காயும் வரைக்கும்."

எத்தனையோ காலத்துக்குப் பிறகு என் மகன் என்னைப் பார்த்துச் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. ஞாயிறில் முற்றத்தில் துணி காயப்போடக் கூடாது. அதையும் புறூனரே தீர்த்தார். ஞாயிறில் புதிதாகப் போடத்தான் கூடாதாம், ஏற்கெனவே கிடப்பதை எடுக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லையாம்.

கஜனுடைய நேர்முகமும் நடந்தது. அயலவரோடு எப்படி என்று கேட்டார்களாம். இவன் விரிப்பு, விரல், மீசை, பனிக்கட்டி, சலவை நாள், தாங்கி எல்லாவற்றையும் விதி இலக்கத்தோடு சொல்லியிருக்கிறான். பாடமாக்கின ஆறு ஒன்றையும் கேட்கவில்லையாம். வீட்டுக்கு வந்தவன் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றான்.

"அவையள் சிரிச்சவை அம்மா."

"அது நல்லதா, கூடாதா?"

"தெரியேல்ல. இந்த ஊர்க்காரர் சிரிச்சு நான் கண்டதில்லை."

முடிவு இன்னும் வரவில்லை.

7

இளவேனிலில் தாதி வந்தாள். நான் பல்கனியில் நின்று பார்த்தேன். லூர்தம்மா தன் கறுப்புக் கைப்பையோடு பேருந்து நிறுத்தத்துக்கு இறங்கினாள். இறங்குவது பெரிய காரியமில்லை. திரும்பினாள். ஏறினாள். பாதியில் அவள் நின்றபோது என் கை கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவள் துவாயை எடுத்து, வாங்கின் காய்ந்த முனையில் விரித்து இருந்தாள். மறுமுனையில் என் விரிப்பு சொட்டிக்கொண்டிருந்தது.

தாதி விரிப்பைக் காட்டி என்னவோ கேட்டாள். லூர்தம்மா என் பல்கனியைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். மூச்சு வந்ததும் எழும்பி மீதி ஏற்றத்தையும் ஏறி, தன் வாசலுக்கு வந்து சேர்ந்தாள். அவளுடைய அலுமாரியும் கட்டிலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ஆனால் விரிப்பு காயக் கூடாது. காய்ந்தால் தாங்கிக்கு வேலை இல்லை, வாங்கு நிலவறைக்குப் போய்விடும். காலையில் புறூனர் வருமுன் நான் வாளியோடு இறங்குவேன். மழை நாளில் எனக்கு விடுமுறை. இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் இந்தக் காய்ச்சல். கஜனைக் கேட்டேன், அவன் விடியுமுன் வேலைக்குப் போகிறான், நனைக்கவில்லை. லூர்தம்மாவுக்கு வாளி தூக்க ஏலாது. நாளும் படுத்துக்கிடந்து "நாஸ்!" என்ற குரலைக் கேட்டு, இன்று என்னால் பொறுக்க முடியவில்லை. குரல் வருமுன்னமே எழும்பி யன்னலடிக்குப் போனேன்.

புறூனர் பூத்தொட்டிப் பக்கம் நின்றார். அவருடைய கையில் பூவாளி. தொட்டிக்கு ஊற்றினார் போலிருக்கிறது, பூக்கள் நனைந்திருந்தன. மிச்சத் தண்ணீரை என் விரிப்பின் கடைசி மூலையில், காய்ந்து வெளுத்திருந்த இடத்தில், ஒரு சொட்டும் நிலத்தில் விழாமல் ஊற்றி முடித்தார். காலை வேளையிலேயே வந்து உட்கார்ந்திருந்த லூர்தம்மா கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தாள். அவர் பூவாளியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். ஒரு நிமிடம் வானத்தைப் பார்த்தார். பிறகு, அப்போதுதான் வந்தவர் போல, அந்த மூலையை இரண்டு விரலால் நுள்ளிப் பார்த்து, "நாஸ்!" என்று குரல் கொடுத்து, தாளில் எழுதினார். அவருடைய மீசை இடப்பக்கம் கொஞ்சம் மேலே போயிருந்தது.

நான் யன்னல் திரையை விட்டுவிட்டுக் கட்டிலுக்கு வந்தேன்.

விரிப்பில் இன்னும் ஒரு மூலை வெறுமையாக இருக்கிறது. பூவாளி ஒன்று தைத்தால் அழகாக இருக்கும், நீல நூலும் மிச்சம் இருக்கிறது. யோசித்தேன். தைக்கவில்லை. நிர்வாகத்துப் பிள்ளை சில வேளை அந்த வழியால் வருகிறாள், அவளுக்குக் கண் கூர்மை. அந்த மூலையில் ஒரு மான் தைக்கலாம் என்று இருக்கிறேன். ஏன் மான் என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

உங்களுக்கு மட்டும் எழுதினேன். இங்கே யாரும் தமிழ் வாசிப்பதில்லை.